குடும்பத்தாரிடம் தெரிவிக்கப்பட்டது

2004-இல் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு ஃபோனிலோ சின்ன ரெக்கார்டரிலோ பேசிப் பதிவு செய்வார். அங்கே பகலாக இருக்கும்போது இங்கே ராத்திரி, அந்தப் பதிவு எங்களுக்கு வந்து சேரும், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கால் பெடலை மிதித்து நிறுத்தி, மறுபடி பின்னால் போய்க் கேட்டு, டைப் செய்து 24 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் வரிக் கணக்கு. 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி. டாக்டர் இருமினால், தொண்டையைக் கனைத்தால், பக்கத்தில் யாரிடமாவது பேசினால் அதையெல்லாம் அடிக்கக் கூடாது. காதுக்குப் பிடிபடாத சொல்லுக்குக் கோடு போட்டு இடம் விட வேண்டும்.

இறந்துபோனவர்களுக்கான குறிப்பு என்று ஒரு வகை உண்டு. டெத் சம்மரி. அதில் கடைசிப் பத்தியில் கிட்டத்தட்ட எல்லா டாக்டரும் ஒரே மாதிரி ஒன்றைச் சொல்வார்கள். ‘தி ஃபேமிலி வாஸ் இன்ஃபார்ம்ட்.’ குடும்பத்தாரிடம் தெரிவிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 24 எழுத்து, சம்பளக் கணக்கில் அரை வரிகூட வராது. நாலு வருஷத்தில் எத்தனை தடவை அதை அடித்திருப்பேன் என்று தெரியாது, ஆனால் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் விரல் கொஞ்சம் மெதுவாகும். எங்கே வைத்துச் சொன்னார்? நின்றுகொண்டா, உட்கார வைத்தா? யாரைப் பார்த்துச் சொன்னார்? அதெல்லாம் ஃபைலில் வராது.

இந்தக் கட்டுரை ஒரு டிவி தொடரைப் பற்றியது. அதில் ஒரே ஒரு எபிசோடைப் பற்றி. ஆனால் இந்த 24 எழுத்தைச் சொல்லாமல் அந்த எபிசோடு எனக்கு ஏன் இவ்வளவு பெரிது என்று சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உச்சரிப்புப் பிடிபடாமல் தவித்தவர்களுக்கு எங்கள் டிரெய்னர் அமெரிக்கத் தொடர்களைப் பார்க்கச் சொல்வார். சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், புரியாவிட்டால் திரும்பவும் பார்க்க வேண்டும், இதுதான் பயிற்சி. அப்படி எனக்குக் கொடுத்த டிஸ்க்கில் இருந்தது ‘எவர்வுட்’ முதல் சீசன். பெரிய ஆஸ்பத்திரி, ஓடுகிற ஸ்ட்ரெச்சர், கத்துகிற நர்ஸ் என்று எதிர்பார்த்துத்தான் போட்டேன். வந்தது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர்.

தொடரை உருவாக்கியவர் கிரெக் பெர்லான்டி. ‘தி டபிள்யூ.பி.’ என்ற அலைவரிசையில் 2002 செப்டம்பர் 16 அன்று தொடங்கியது. நாலு சீசன், 89 எபிசோடு, 2006 ஜூனில் முடிந்தது. எவர்வுட் என்று நிஜத்தில் ஊர் கிடையாது. கதைப்படி அது கொலராடோ மாநிலத்து மலை ஊர், படம் பிடித்தது பெரும்பாலும் பக்கத்து மாநிலமான யூட்டாவில், ஆக்டன் நகரத்துத் தெருக்களில். நியூயார்க்கில் பேர்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஆண்டி பிரவுன், மனைவி ஜூலியா கார் விபத்தில் இறந்த பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகன் எஃப்ரமையும் சின்ன மகள் டீலியாவையும் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிடுகிறார். ஜூலியா எப்போதோ ஒருமுறை அவரிடம் இந்த ஊரைப் பற்றிப் பேசியிருந்தாள், அது ஒன்றுதான் காரணம். வந்தவர் ஊரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் கிளினிக் திறந்து காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறார்.

ஊரில் ஏற்கெனவே ஒரு டாக்டர் இருக்கிறார், ஹெரால்டு அபட். அவருடைய அப்பாவும் அதே ஊரில் டாக்டராக இருந்தவர். மனைவி ரோஸ் ஊரின் மேயர். அம்மா எட்னா ஒரு நர்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பாட்டி, அவர் மகனிடம் இல்லாமல் புது டாக்டரிடம் வேலைக்குப் போய்ச் சேர்ந்துகொள்கிறார். எட்னாவின் இரண்டாவது கணவர் இர்வ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், கதையைச் சொல்லும் குரலும் அவருடையதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் கையில் கதை சொல்லும் பொறுப்பைக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். யார் வீட்டு வாசலில் எந்தப் பிள்ளை எந்த முகத்தோடு ஏறுகிறது என்று தினமும் இரண்டு தடவை பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தானே.

எனக்கு முக்கியம் காலின் ஹார்ட் என்ற பையனின் கதை. காலின் பள்ளி மாணவன், ஹெரால்டு அபட்டின் மகள் ஏமிக்குக் காதலன், மகன் பிரைட்டுக்கு உயிர் நண்பன். முந்தைய ஜூலை 4 அன்று நடந்த வண்டி விபத்தில் தலையில் அடிபட்டு, தொடர் ஆரம்பிக்கும்போதே கோமாவில் கிடக்கிறான். பிரைட்டும் அந்த வண்டியில் இருந்தவன். புதிதாக வந்திருக்கும் டாக்டர் மூளையைத் திறக்கத் தெரிந்தவர் என்றதும் ஏமி முதலில் எஃப்ரமிடம் பழகுவதே அதற்காகத்தான். தன் காதலனைக் காப்பாற்ற உன் அப்பாவிடம் சொல்லேன் என்று, தன்மேல் ஆசை வைத்திருக்கும் ஒரு பையனிடம் போய் நிற்கிறாள். சரி, பதினைந்து பதினாறு வயதில் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டி ஆபரேஷன் செய்கிறார். காலின் கண் விழிக்கிறான்.

வேறு எந்தத் தொடராக இருந்தாலும் அத்தோடு சுபம். எவர்வுட் அங்கேதான் கதையை எடுத்துக்கொள்கிறது. கண் விழித்தவனுக்கு ஏமி யார் என்று தெரியவில்லை. பழைய நினைவு பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது. ஊர் முழுக்க அவனைத் திரும்பி வந்த பிள்ளையாகக் கொண்டாடுகிறது, அவனோ எல்லாரும் சொல்லும் அந்தப் பழைய காலினாக நடிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்கோபம், சிடுசிடுப்பு, கை ஓங்குவது. பெற்றவர்களும் ஏமியும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள்.

இது எவ்வளவு உண்மை என்பது எனக்கு வேலையில் தெரிந்தது. தலைக்காயத்துக்கு நாங்கள் டைப் செய்யும் குறிப்பில் ‘கிளாஸ்கோ கோமா ஸ்கேல்’ என்று ஒரு எண் வரும். 1974-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கையைக் காலை அசைக்கிறாரா என்று பார்த்துப் போடும் மதிப்பெண், மிகக் குறைவு 3, நிறைவு 15. ஒரே நோயாளிக்கு நாள் தவறாமல் குறிப்பு வரும்போது அந்த எண் 6, 7, மறுபடி 6, 8 என்று ஏறி இறங்கும். ஒரு பொழுதில் கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற நாள் எந்த ஃபைலிலும் வந்ததில்லை. 15 வந்த பிறகும் மனைவியை யாரென்று கேட்டார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார் என்று குறிப்புகள் தொடர்ந்து வரும். எண் நிறைந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை.

2005-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. டேவிட் கேசரட் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் பத்து வருஷத்து அமெரிக்கப் பகல்நேரத் தொடர்கள் ஒன்பதை எடுத்துக்கொண்டு, அவற்றில் கோமாவில் விழுந்த 64 கதாபாத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்று கணக்கெடுத்தார்கள். 89 சதவீதம் பேர் முழுசாகக் குணமாகிவிட்டார்கள். வீட்டில் ஒருவர் நினைவில்லாமல் கிடக்கும்போது, இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நாம் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் அவர்களுடைய கவலை. எவர்வுட் பகல்நேரத் தொடர் கிடையாது, அந்தக் கணக்கில் வராது. ஆனால் அந்த 89 சதவீதத்துக்கு எதிராக நின்ற ஒரு கதை காலினுடையது என்று எனக்குப் படுகிறது.

முதல் சீசனின் கடைசி எபிசோடுக்கு ‘ஹோம்’ என்று பெயர், 2003 மே மாதம் ஒளிபரப்பானது. காலினின் நிலைமை மோசமாகிவிட்டது, மறுபடி மண்டையைத் திறந்தாக வேண்டும். இந்தத் தடவை ஆபத்து அதிகம் என்று ஆண்டிக்குத் தெரியும், காலினுக்கும் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் காலின் ஆண்டியிடம் ஒரு வாக்குக் கேட்கிறான். உள்ளே ஏதாவது கெட்டுப்போய், நான் நானாக இல்லாமல் வெறும் உடம்பாகக் கிடக்கிற நிலை வந்தால் என்னைப் பிடித்து இழுத்துவைக்க வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று. ஆண்டி வாக்குக் கொடுக்கிறார்.

முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தில் டிஸ்க்கை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் எங்கள் ஃபைல்களில் ‘கோடு ஸ்டேட்டஸ்’ என்று தனியாக ஒரு தலைப்பு உண்டு. இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டுமா வேண்டாமா என்று நோயாளியோ அவர் சார்பில் குடும்பத்தாரோ சொன்னது அங்கே வரும். அமெரிக்காவில் இது சும்மா வந்த தலைப்பு இல்லை. நான்சி குரூசன் என்ற இளம்பெண் 1983-இல் மிசௌரியில் கார் விபத்தில் சிக்கி நினைவு திரும்பாமலேயே கிடந்தார். குழாய் வழி உணவை நிறுத்தலாமா என்று அவருடைய அப்பா அம்மா தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி வாழ வேண்டாம் என்று அவரே முன்பு சொன்னதற்குத் தெளிவான சான்று வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம் என்றது 1990 தீர்ப்பு. பிறகு அவருடைய பழைய தோழிகள் வந்து சாட்சி சொன்னார்கள், உணவுக் குழாயை எடுத்தார்கள், 1990 டிசம்பர் 26 அன்று இறந்தார். அந்த வருஷமே, பெரியவர்களாக இருக்கும் நோயாளிகளுக்கு இந்த உரிமைகளை ஆஸ்பத்திரிகள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் இதுபோல முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொள்ள 2018 மார்ச் வரை ஆயிற்று.

ஆனால் காலின் பள்ளிக்கூடத்துப் பையன். அவனுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவனைப் பெற்றவர்கள். அவர்கள் பக்கத்து அறையில் இருக்கும்போது, அவர்களுக்குத் தெரியாமல், ஒரு டாக்டர் ஒரு பையனுக்கு இப்படி ஒரு வாக்கைக் கொடுக்கலாமா? சட்டத்தைக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்லும். என்னைக் கேட்டால், அந்தப் பையன் மாதக்கணக்கில் அந்த இருட்டில் கிடந்து வந்தவன், அது எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அவன் கேட்டதைத் தட்ட யாருக்கும் வாய் வராது. இரண்டும் எனக்கு உண்மையாகத்தான் தெரிகிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு பக்கம் சாய முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த வாக்கை எழுத எந்த ஃபைலிலும் ஒரு தலைப்பு கிடையாது. ஆண்டி அதைத் தன்னோடு தூக்கிக்கொண்டுதான் தியேட்டருக்குள் போகிறார்.

சீசன் முடிகிற காட்சி இதுதான். ஆபரேஷன் முடிந்து ஆண்டி வெளியே வருகிறார். காத்திருக்கிறவர்கள் எழுந்துகொள்கிறார்கள். அவர் அவர்களைப் பார்க்கிறார், அவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் எபிசோடு முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இதைப் பார்த்தவர்கள் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். டிரெய்னரிடம் இருந்தது முதல் சீசன் மட்டும்தான், அதனால் எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. சீசன் முடிவில் பார்ப்பவர்களைத் தொங்கவிடுவது டிவியில் வழக்கம்தான், அடுத்த சீசனுக்கு ஆள் வர வேண்டுமே. ஆனால் இது எனக்கு அப்படிப்பட்ட தந்திரமாகத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்கு நேரம் அப்படித்தான் நின்றுபோகும். டாக்டர் கதவைத் திறந்து வருவதற்கும் பேசுவதற்கும் நடுவில் இருக்கிற அந்த நாலைந்து அடி தூரம், அதற்குள் இன்னும் எதுவும் நடந்திருக்கவில்லை. அது என் 24 எழுத்துக்கு முந்தைய இடம்.

ஒரு ராத்திரி வந்த பதிவு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள், ஊர், நோய் எதுவும் சொல்ல மாட்டேன். வயதான குரல், எங்கோ சின்ன ஊர் ஆஸ்பத்திரி என்பது மட்டும் பேச்சில் தெரிந்தது. டெத் சம்மரி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ‘தி ஃபேமிலி’ என்றார். நின்றுவிட்டார். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. மூச்சு கேட்கிறது, நாற்காலி ஒன்று கிறீச்சிடுகிறது, தூரத்தில் யாரோ வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். என் கால் பெடலில் இருக்கிறது, எடுக்கத் தோன்றவில்லை. ஸ்கிரீனில் 40 விநாடி ஓடி முடிந்தது. அப்புறம் அதே குரல், ‘வாஸ் இன்ஃபார்ம்ட்’ என்று முடித்தார். நான் அடித்து அனுப்பினேன். விதிப்படி மௌனத்துக்கு எழுத்து கிடையாது. அந்த டாக்டர் ஒருவேளை அந்தக் குடும்பத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவராக இருக்கலாம், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்திருக்கலாம். இதெல்லாம் என் ஊகம்தான். ஆனால் நியூயார்க்கில் இருந்த ஆண்டி பிரவுனுக்கு அந்த 40 விநாடி வந்திருக்காது என்று நினைக்கிறேன். எவர்வுட்டுக்கு வந்த ஆண்டிக்கு வருகிறது.

இந்தத் தொடர் சின்ன ஊரில் நடப்பதற்கு அர்த்தமே அதுதான் என்று நினைக்கிறேன். மலையும் பனியும் ரயில் நிலையமும் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். பெரிய நகரத்து அறுவை மருத்துவர் செய்தியைச் சொல்லிவிட்டுப் போகலாம், அவர் யாரோ, நாம் யாரோ. இங்கே ஆண்டி காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருடைய மகன் காதலிக்கிற பெண் அங்கே நிற்கிறாள். போட்டிக் கிளினிக் டாக்டர், அந்தப் பெண்ணின் அப்பாவாக நிற்கிறார். இவர்களை நாளைக்குக் கடைத்தெருவில் பார்க்க வேண்டும், அதற்கடுத்த நாளும்.

எங்கள் வீட்டுக்கு 1999-இல் நடந்தது. அப்பாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது, ஊர் டாக்டர் பார்த்தவுடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்து, காருக்கும் அவரே சொல்லி அனுப்பினார். மூன்று மணி நேரப் பயணம். அன்று ராத்திரியே ஆபரேஷன். அம்மா வராண்டாவில் தரையில் ஃபிளாஸ்க்கையும் பையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பச்சை உடையோடு ஒருவர் வந்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது, தொப்பியின் எலாஸ்டிக் நெற்றியில் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. ‘அட்டெண்டர் யாரு?’ என்றார். மாமா எழுந்து போனார். அவர் மாமாவைச் சுவரோரம் கூட்டிப்போய் மெதுவாகப் பேசினார். அம்மாவும் நானும் பத்தடி தூரத்தில். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, மாமாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்து அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினாள், ஏற்கெனவே இறுகியிருந்ததை மறுபடியும். டாக்டர் உள்ளே போய்விட்டார். அவரைப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, ராத்திரி முழுக்க நின்றவர், அடுத்த நோயாளி காத்திருந்திருப்பார். ஆனால் எங்கள் ஃபைலிலும் கடைசியில் அந்த வரி இருந்திருக்கும், தெரிவிக்கப்பட்டது என்று. அம்மாவிடம் யாரும் தெரிவிக்கவில்லை. அவளாகத் தெரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் ஊர் டாக்டர் துஷ்டி கேட்க வந்தார். கிளினிக்கில் கூட்டம் இருக்கும் நேரம், பூட்டிவிட்டு வந்திருந்தார். பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அவர் உட்காரவில்லை, நேராக உள்ளே வந்து அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், ‘அண்ணாச்சியை நான்தான் அனுப்பி வச்சேன்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். ‘நீங்க என்ன செய்வீங்க டாக்டர்’ என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள், அதுவரை ஒரு சொட்டுக் கிடையாது. துஷ்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அவர் எழுந்து கையைக் கூப்பிவிட்டுப் பேசாமல் போனார். பிறகு எத்தனையோ வருஷம் எனக்கும் தம்பிக்கும் காய்ச்சல் என்றால் அவரிடம்தான் போனோம். ஒவ்வொரு தடவையும் ஊசி போடும் முன் ஒரு நொடி எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

இரண்டாம் சீசன் முதல் எபிசோடில் காலின் இறந்துவிட்டான் என்று தெரிகிறது. கதை கோடை முழுவதையும் தாண்டி வந்துவிட்டது, அடக்கம் எல்லாம் முடிந்துபோயிற்று. எனக்கு அந்த எபிசோடில் முக்கியமாகப் பட்டது, ஊர் ஆண்டியிடமிருந்து விலகி நிற்பதை அது மறைக்கவில்லை என்பது. காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த டாக்டரின் கிளினிக்குக்கு வர ஆட்கள் தயங்குகிறார்கள். ஏமி உள்ளுக்குள் ஒடுங்கிப்போகிறாள், அந்தச் சீசன் முழுக்க அது நீள்கிறது. அவர் அந்த ஊரைவிட்டுப் போயிருக்கலாம், நியூயார்க்கில் இப்போதும் வேலை கிடைக்கும். போகவில்லை. கேட்டவன் இப்போது இல்லாத ஒரு வாக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்கு நடுவில் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். கோபப்படுகிறவர்களையும் தொடர் கெட்டவர்களாகக் காட்டவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குக் கோபத்தை இறக்கிவைக்க ஒரு வாசல் வேண்டும், சின்ன ஊரில் அந்த வாசல் எது என்று எல்லாருக்கும் தெரியும்.

தொடரில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. எஃப்ரம், ஏமி காதல் நாலு சீசனுக்கும் இழுத்துக்கொண்டே போகிறது, நடுவில் சில எபிசோடுகளை நான் ஓட்டிவிட்டிருக்கிறேன். ஆனால் அப்பாவும் மகனும் சண்டை போடுகிற எந்தக் காட்சியையும் ஓட்டியதில்லை. எஃப்ரமாக கிரெகரி ஸ்மித், ஆண்டியாக டிரீட் வில்லியம்ஸ். ஊருக்கே ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதனுக்குத் தன் மகனிடம் பேச வார்த்தை வராமல் திணறுவதை வில்லியம்ஸ் செய்த விதத்தில், எங்கள் ஊர் டாக்டர் வீட்டுக்குள் எப்படி இருந்திருப்பார் என்று முதல்முறையாக யோசித்தேன். பிரைட்டாக நடித்த கிறிஸ் பிராட் பின்னால் பெரிய சினிமா நட்சத்திரம் ஆகிவிட்டார், எனக்கு இன்னும் அவர் குற்ற உணர்ச்சியோடு நிற்கும் அந்தப் பையன்தான்.

2023 ஜூன் 12 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சாலை விபத்தில் டிரீட் வில்லியம்ஸ் இறந்தார், மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் இர்வாக வந்த ஜான் பீஸ்லி காலமாகியிருந்தார். செய்தி படித்த ராத்திரி ‘ஹோம்’ எபிசோடை மறுபடியும் போட்டேன். அம்மா அப்போது என்னோடு சென்னையில் இருந்தாள். தூக்கம் வரவில்லை என்று எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. யார் இவர், டாக்டரா, எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டொரு கேள்வி கேட்டாள், அப்புறம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கதவு, ஆண்டி, எழுந்து நிற்கிறவர்கள். நான் வழக்கம்போல ஆண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைத் தொட்டாள்.

‘ஏட்டி, கொஞ்சம் நிறுத்து’ என்றாள். நிறுத்தினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டிவிக்குக் கிட்டப் போய், ஸ்கிரீனில் நின்றுபோயிருந்த முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடினாள்.

‘இதுல அந்தப் பையனைப் பெத்தவ எங்க நிக்கா?’